தராசு தோற்ற நாள்

அண்ணி எதையும் வாங்கிய கையோடு கீழே வைக்க மாட்டார். ஒரு தடவை லேசாக மேலே ஏற்றி, அரை நொடி நிறுத்தி, பிறகுதான் வைப்பார். காய்கறிப் பை, தபாலில் வந்த உறை, பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை, எல்லாவற்றுக்கும் அந்த அரை நொடி உண்டு. கல்லூரியில் சேர்வதற்காக நான் அண்ணன் வீட்டுக்கு வந்து இறங்கிய அன்று வாசலிலேயே என் பெட்டியை வாங்கித் தூக்கிப் பார்த்தார். "துணி மட்டும்தான் இருக்கு. புத்தகமெல்லாம் எங்க பாப்பா?" என்றார். புத்தகப் பையை நான் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். அவர் கேட்கும் வரை எனக்கே அது தெரியாது. அண்ணன் ஸ்கூட்டரில் பஸ்ஸைத் துரத்திக்கொண்டு போனார். அண்ணி என்னைத் திட்டவில்லை. என் தோளைப் பிடித்து அதே அரை நொடி பார்த்துவிட்டு, "நீயும் கொஞ்சம் கனம் கம்மிதான், வா சாப்பிடலாம்" என்றார்.

அண்ணி போய் நாலு மாதம் ஆகிறது. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் வந்து நிற்பது அந்த அரை நொடிதான்.

இருபத்திரண்டு வயதில் ஒரு பார்சல் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தார். ஐம்பத்தெட்டில் ஓய்வு பெறும் வரை அதே ஆபீஸ், அதே கவுன்ட்டர். லாரி பின்பக்கமாக வந்து முட்டி நிற்கும் உயரத்துக்கு ஒரு சிமெண்ட் மேடை. அதன் ஓரத்தில் இரும்புத் தட்டு வைத்த எடை மெஷின். அதற்கு நேர் எதிரே, கம்பி வலைக்குப் பின்னால், அண்ணியின் நாற்காலி. சாக்கு, பசை டேப், டீசல் மூன்றும் கலந்த அந்த வாசனை மாலையில் அவரோடு வீட்டுக்கு வரும். நாங்கள் மூன்று பேர் மட்டுமே இருந்த வீட்டில், அண்ணன் கொண்டுவரும் கிரீஸ் வாசனையும் இந்த வாசனையும் கூடத்தில் சந்தித்துக்கொள்ளும்போதுதான் எனக்குப் பொழுது சாய்ந்ததாகத் தோன்றும்.

அனுப்புகிறவர் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்வார். அதை எழுதி, மெஷினில் ஏற்றி எடை குறித்து, லேபிள் ஒட்டி உள்ளே அனுப்ப வேண்டும். வேலை அவ்வளவுதான். சேர்ந்த மூன்றாவது மாதம் ஒருவர் 'துணி' என்று எழுதிய அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். மெஷின் பதினெட்டு கிலோ காட்டியது. அந்த அளவு பெட்டிக்கு அது பெரிய அதிசயமில்லை. ஆனால் தட்டிலிருந்து இறக்கும்போது அண்ணி அதைத் தன் கையில் ஒரு முறை ஏற்றிப் பார்த்திருக்கிறார். "துணி இப்படி ஒரு மூலைக்கு ஓடாதுங்க" என்றாராம். வந்தவர் அவசரம் என்றார், பெரிய அதிகாரிகளைத் தெரியும் என்றார், பெண்பிள்ளைகளை வேலைக்கு வைத்தால் இப்படித்தான் என்றும் சொன்னார். பிரித்துப் பார்த்தால் மேலே இரண்டு போர்வை, அடியில் பேட்டரிக்கு ஊற்றும் ஆசிட் கேன் ஆறு. அதே லாரியில் அன்று பள்ளிக்கூட நோட்டுக் கட்டுகளும் ஒரு குழந்தைத் தொட்டிலும் போகவிருந்தன.

அன்றிலிருந்து லோடுமேன்கள் அவரைத் தராசக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்தப் பெயரை வைத்தவர் ஒல்லி. ஒல்லி என்பது அவருக்கு மற்றவர்கள் வைத்த பெயர். ஊதினால் பறந்துவிடுவார் போல இருப்பார், நூறு கிலோ மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு பாட்டும் பாடுவார். லோடுமேன்களுக்கெல்லாம் அவர்தான் மூத்தவர்.

வீட்டிலும் அந்தக் கையை ஏமாற்ற முடியாது. அண்ணன் பம்பு ரிப்பேர் செய்பவர். ஆனால் உயிர் இருந்தது பழைய ரேடியோக்களில். ஆறாவது ரேடியோ வந்த அன்று அண்ணி, இனி இன்னொன்று இந்த வாசலைத் தாண்டினால் ரேடியோக்களோடு அண்ணனும் கடையிலேயே படுத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார். ஒரு மாலை அண்ணன் பத்து கிலோ அரிசிப் பையோடு வந்தார். அவராக அரிசி வாங்கியதே முதல் தவறு. அண்ணி பையை வாங்கினார், ஏற்றினார், நிறுத்தினார்.

"அரிசிக்கு எலும்பு இருக்காதுங்க. இதுக்கு இருக்கு. ரேடியோ எத்தனை பேண்டு?"

"மூணு," என்றார் அண்ணன், தலையைக் குனிந்துகொண்டு.

ரேடியோ வீட்டுக்குள் வந்துவிட்டது. கடையில் படுக்க வைக்கும் அளவுக்கு அண்ணிக்கு மனசு கிடையாது. ஒரு வாரம் கழித்து அதில் செய்தி கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

அண்ணிக்கு நாற்பத்துநாலு வயதாகும்போது ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. மற்ற கிளைகளில் சிலர் பயந்துபோய் விருப்ப ஓய்வு கேட்டார்கள் என்று பேச்சு. அண்ணி அதைப் பொருத்த வந்த கம்ப்யூட்டர்காரரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறார். இதற்குள் இருப்பவற்றின் எடை எங்கே தெரியும் என்று. அவர் மெதுவாகப் பேசும் மனிதர், அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. சிரிக்காமல், திரையில் இருந்த படங்களையெல்லாம் வரிசைப் பட்டியலாக மாற்றிக் காட்டினாராம். பெயர், வந்த தேதி, கடைசிக் கட்டத்தில் ஒவ்வொன்றும் எத்தனை மெகாபைட், அதாவது எம்பி, என்ற கணக்கு.

அன்று மாலை வீட்டுக்கு வந்த அண்ணியின் முகத்தை இன்னும் மறக்கவில்லை. "ஒண்ணுமில்ல பாப்பா, அதுவும் பார்சல்தான். பேர் எழுதியிருக்கு, தேதி இருக்கு, கனம் இருக்கு. தூக்கத் தேவையில்ல, அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார். அதற்குப் பிறகு அவருடைய திரையில் யாரும் படங்களைப் பார்த்ததில்லை. எப்போதும் பட்டியல்தான். படத்தைப் பார்த்து மயங்க நான் என்ன கைக்குழந்தையா என்பார்.

ஒரு அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்து, பால்பாயின்ட் பேனாவால் அதில் எழுதி, மானிட்டருக்குப் பின்னால் டேப் போட்டு ஒட்டி வைத்திருந்தார். புக்கிங் புரோகிராம் இத்தனை, பிரிண்டர் புரோகிராம் இத்தனை, லேபிள் அடிக்கும் புரோகிராம் அறுபத்தொன்று என்று எல்லாம் எடையோடு. தலைமை ஆபீஸிலிருந்து புதிதாக ஏதாவது அனுப்பினால், போன் செய்து எத்தனை எம்பி அனுப்பினீர்கள் என்று கேட்டு, வந்தது அதே கனம் இருக்கிறதா என்று பார்த்து, அட்டையில் திருத்தி எழுதிய பிறகுதான் ஏற்றுவார். அங்கே இருந்தவர்கள் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். ஒரு தடவை 'விலைப்பட்டியல்' என்று ஒரு படம் மெயிலில் வந்தது. படத்துக்கான கனம் இல்லையே என்று திறக்காமல் வைத்திருந்து கம்ப்யூட்டர்காரரிடம் காட்டினார். அவர் பார்த்துவிட்டுத்தான் அதன் பெயரைச் சொன்னார், ட்ரோஜன். வைரஸ் குடும்பத்தில் அது ஒரு ரகமாம். நல்ல புரோகிராம் போல வேஷம் போட்டு வரும், நாமே கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டுக்கொள்வோம், பிறகு உள்ளே இருந்துகொண்டு தன் வேலையைக் காட்டும் என்று விளக்கினார்.

அண்ணிக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. "திருடனாவது ஜன்னல் வழியா வருவான். இவன் விருந்தாளியால்ல வர்றான். செருப்பைக் கழட்டி வெச்சுட்டு, சௌக்கியமான்னு கேட்டுட்டு" என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆபீஸில் மதியம் ஒன்றிலிருந்து ஒன்றே முக்கால் வரை சாப்பாட்டு நேரம். அந்த முக்கால் மணி நேரம் அண்ணி நாற்காலியில் இருக்க மாட்டார். மேடையில் சாக்குக் கட்டின்மேல் உட்கார்ந்து லோடுமேன்களோடு சாப்பிடுவார். சாப்பிட்டு முடிந்ததும் பந்தயம். யாராவது ஒரு பெட்டியில் எதையாவது போட்டு டேப் ஒட்டிக் கொண்டுவந்து வைப்பார்கள். அண்ணி தூக்கிப் பார்த்து எத்தனை கிலோ, உள்ளே என்ன என்று சொல்ல வேண்டும். தோற்றவர் எல்லோருக்கும் டீ வாங்க வேண்டும். இருபது வருஷத்துக்கு மேல் நடந்த இந்தப் பந்தயத்தில் அண்ணி ஒரு தடவைகூட டீ வாங்கியதில்லை. இரும்பு, செங்கல், பழைய டயர், தண்ணீர் பாட்டில், ஒல்லியின் செருப்பு, எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

பிறகு அந்தப் புதன்கிழமை வந்தது.

மேடையில் ஒரு சாம்பல் பூனை குடியிருந்தது. நாள் முழுக்கத் தூங்கும், எழுந்தால் எல்லோரையும் முறைக்கும். அதனால் அதற்கு சூப்பர்வைசர் என்று பெயர். திறந்த அட்டைப்பெட்டி எங்கே இருந்தாலும் போய்ப் படுத்துக்கொள்ளும். அன்று பழைய துண்டுகள் போட்டிருந்த ஒரு பெட்டியில் அது தூங்கிக்கொண்டிருந்தபோது, ஒல்லி காற்றுக்கு இடம் விட்டு மூடியை மட்டும் மடித்து, பூப்போலத் தூக்கி வந்து அண்ணி முன்னால் வைத்தார். அண்ணி ஏற்றினார், நிறுத்தினார்.

"துணி. ஆறரை கிலோ."

மெஷினில் ஆறரைதான். சரி என்று அண்ணி கையைத் துடைத்துக்கொண்டபோது துணி கொட்டாவி விட்டது. மூடியைத் தள்ளிக்கொண்டு தலையை வெளியே நீட்டி, எல்லோரையும் முறைத்தது.

அன்று மேடையில் எழுந்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டதாக ஒல்லி சொல்வார். முக்கால் மணி நேரம் முடிந்தும் யாருக்கும் அடங்கவில்லை. அண்ணி எல்லோருக்கும் டீ வாங்கினார், பூனைக்குப் பால் வாங்கினார். ஒல்லி சாக்குமேல் விலாசம் எழுதும் கறுப்பு மையில் பிரஷ்ஷைத் தோய்த்து, மேடைச் சுவரில் ஒரு முழ உயரத்துக்கு எழுதினார்: தராசு தோத்த நாள். புதன், 14ஆம் தேதி, மதியம் 1.20. ஜெயிச்சது சூப்பர்வைசர்.

அண்ணிக்கு அது பிடிக்கவே இல்லை. வருகிற கஸ்டமர் எல்லாம் அதைப் படித்துவிட்டு உள்ளே வந்து அவர் முகத்தைப் பார்க்கிறார்கள். அழித்துவிடச் சொல்லி ஒல்லியிடம் கெஞ்சினார், மிரட்டினார், ஒரு நாள் ஈரத் துணியை எடுத்துத் தானே தேய்த்தும் பார்த்தார். சாக்கு மை. மழையிலேயே போகாது. வீட்டுக்கு வந்து எங்களிடம், கனம் சரியாத்தானே சொன்னேன், அதை ஏன் யாரும் எழுதவில்லை என்று பொருமினார். அண்ணன் ஏழு ரேடியோவையும் ஒரே நேரத்தில் போட்டுக் கொண்டாடினார்.

ஏறக்குறைய மூன்று வாரம் போனது. ஒரு திங்கட்கிழமை காலையில் புக்கிங் கணக்கு எதுவுமே திறக்கவில்லை. எந்தப் பார்சல் யாருக்கு, எங்கே என்பதெல்லாம் பூட்டிக்கொண்டு, திறந்தால் கோழி கிளறிய மாதிரி எழுத்துகள். மேடையில் பெட்டிகள் மலையாகக் குவிந்துவிட்டன. மூன்று நாள் எல்லாவற்றையும் கையால் எழுதி ஓட்டினார்கள். தலைமை ஆபீஸில் இருந்த நகலை வைத்துப் பெரும்பகுதி திரும்பி வந்தது. அங்கிருந்து ஆராய்ந்து பார்த்தவர்கள், ட்ரோஜன் ஒன்று உள்ளே புகுந்திருக்கிறது, அது இந்தக் கிளையின் கவுன்ட்டர் கம்ப்யூட்டர் வழியாக வந்திருக்கிறது என்று சொன்னார்கள்.

கவுன்ட்டர் கம்ப்யூட்டர் என்றால் அண்ணி.

கிளை மேனேஜருக்கு மூணு பேனா என்று பெயர். சட்டைப் பையில் நீலம், சிவப்பு, பச்சை என்று மூன்று பேனா எப்போதும் இருக்கும். நீலம் கையெழுத்துக்கு, சிவப்பு திட்டுவதற்கு. பச்சையை அவர் எடுத்து யாரும் பார்த்ததில்லை. நல்ல வார்த்தை எழுதுவதற்காக வைத்திருக்கிறார், அதனால்தான் மை தீரவே இல்லை என்பார் ஒல்லி. கெட்ட மனிதர் இல்லை. சட்டை அழுக்காகிவிடும் என்று மேடைப் பக்கமே வராதவர், அவ்வளவுதான். தலைமை ஆபீஸ் விளக்கம் கேட்டதும், கவுன்ட்டரில் இருப்பவரின் கவனக்குறைவு என்று எழுதி அனுப்பினார். பதில் உடனே வந்தது. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து அண்ணி ஊருக்கு வெளியே இருக்கும் குடோனுக்குப் போக வேண்டும். கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது. கவுன்ட்டருக்கு வேறு ஆள் வருவார்.

அந்த மாலை அண்ணி காய்கறிப் பையை வாங்கி, தூக்கிப் பார்க்காமல் கீழே வைத்தார். அதைப் பார்த்ததும்தான் ஏதோ நடந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

விஷயத்தைச் சொல்லி முடித்ததும் அண்ணன், வேலையை விட்டுவிட்டுத் தன் பம்புக் கடைக்கு வந்துவிடச் சொன்னார். உங்கள் கடையில் எல்லாமே ஒரே கனம், எனக்குத் தூக்கம் வந்துவிடும் என்றார் அண்ணி. சிரிக்க முயற்சி செய்தார். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"குடோன்ல மனுஷங்க வர மாட்டாங்க பாப்பா. மூட்டைதான் வரும். புள்ளைக்கு ஸ்வெட்டர் அனுப்புறேன், அம்மாவுக்கு மருந்து அனுப்புறேன்னு சொல்றதுக்கு அங்க யாரு இருக்கா? கனம் பாக்குறது மூட்டைக்காகவா பாத்தேன்?"

அவருக்கு இன்னொன்றும் குடைந்தது. என் கை வழியாக எதுவும் வரவில்லை, ஆனால் வந்திருக்கிறதே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வெள்ளிக்கிழமை காலையில் கம்ப்யூட்டர்காரர் வந்து மெஷினில் இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடப் போகிறார். துடைத்துவிட்டால் கேட்பதற்கு எதுவும் மிச்சம் இருக்காது. அதற்கு முன்னால் ஒரு மணி நேரம் தனக்கு வேண்டும் என்று அவரிடம் கேட்டு வாங்கியிருந்தார். என்னை அரை நாள் லீவு போடச் சொன்னார். "நீ படிச்சவ. பக்கத்துல சும்மா உக்காரு. நான் கத்த ஆரம்பிச்சா கையைப் பிடி."

வெள்ளிக்கிழமை நாங்கள் மூவரும் கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்தோம். அண்ணி மானிட்டருக்குப் பின்னால் கையை விட்டு அந்த அட்டையைப் பிய்த்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கம்ப்யூட்டர்காரர் பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாக எடை படித்தார். அண்ணி விரலால் அட்டையில் தொட்டுக்கொண்டே வந்தார். புக்கிங், சரி. பிரிண்டர், சரி. கம்பி வலைக்கு வெளியே ஒல்லி ஒரு மூட்டையில் சாய்ந்துகொண்டு, வேலை செய்வதுபோல எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லேபிள், அறுபத்தெட்டு" என்றார் கம்ப்யூட்டர்காரர்.

அண்ணியின் விரல் நின்றது. மறுபடி படிக்கச் சொன்னார். அதே படம், அதே பெயர், மூன்று வாரமாக ஒழுங்காக லேபிள் அடித்துக்கொண்டிருந்த அதே புரோகிராம். அறுபத்தெட்டு. அட்டையில் அறுபத்தொன்று.

"ஏழு கூடுதே" என்றார். அட்டையையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்று நினைத்துக் கையைப் பிடித்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"பூனை. துண்டுக்குள்ள பூனை. நான் வர்ற பெட்டியை எல்லாம் தூக்கிப் பாத்தேனே தவிர, ஏற்கனவே உள்ள இருந்த பெட்டியை ஒரு நாளாவது தூக்கிப் பாத்தேனா? என்னைச் சொல்லணும்."

கம்ப்யூட்டர்காரர் அதைத் தனியே வைத்துச் சோதித்தார். அதேதான். நிஜமான லேபிள் புரோகிராமைத் தன்மேல் போர்வையாகப் போர்த்திக்கொண்டு வந்திருக்கிறது. லேபிளும் அடித்தது, அடியில் தன் வேலையையும் பார்த்தது. அது எப்போது இந்த மெஷினுக்குள் வந்தது என்று அண்ணி கேட்டார். அவர் எதையோ திறந்து தேடி, புதன்கிழமை, பதினாலாம் தேதி, மதியம் ஒன்று இருபத்துமூன்று என்றார்.

அண்ணியின் சிரிப்பு நின்றுவிட்டது. அது சாப்பாட்டு நேரம், அவர் நாற்காலியில் இல்லை. ஆனால் அவசரத்துக்கு யாராவது லேபிள் அடிக்க வேண்டியிருக்கும் என்று மெஷினைத் திறந்தே வைத்துவிட்டுப் போவதுதான் வழக்கம். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை ஒன்று இருபத்துமூன்றுக்கு நான் எங்கே இருந்தேன் என்று எதை வைத்துக் காட்டுவது, நான் சொன்னால் தலைமை ஆபீஸ் நம்புமா என்று கேட்டார்.

வலைக்கு வெளியே மூட்டை ஒன்று கீழே விழும் சத்தம் கேட்டது.

"என்னிக்குன்னு சொன்னீங்க?" என்றார் ஒல்லி.

கம்ப்யூட்டர்காரர் மறுபடி சொன்னார். ஒல்லி திரும்பிச் சுவரைப் பார்த்தார். அவர் பார்த்த இடத்தை நாங்களும் பார்த்தோம். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து எல்லா எழுத்தும் தெரிந்தது. தராசு தோத்த நாள். புதன், 14ஆம் தேதி, மதியம் 1.20.

"தராசக்கா," என்றார் ஒல்லி, ரொம்ப மரியாதையாக, "இதை இன்னும் கொஞ்சம் ஈரத் துணி போட்டுத் தேய்க்கட்டுமா?"

அண்ணி எழுந்து போய் அவர் முதுகில் ஒன்று வைத்தார். பிறகு அந்தச் சுவருக்கு எதிரே நின்று, முதல் தடவையாக அதை முழுசாகப் படித்தார்.

ஆறு லோடுமேன்களும் வந்துவிட்டார்கள். அன்று யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், அண்ணிக்குச் சிரிப்பில் விக்கல் வந்து யார் தண்ணீர் கொடுத்தது, டீ வந்தது எத்தனை மணிக்கு, எல்லாம் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சொன்னார்கள். யாரோ போய் மேனேஜரைக் கூட்டி வந்தார்கள். சட்டையை ஒட்டிப் பிடித்துக்கொண்டு அவர் மேடைக்கு வந்தார். சுவரில் இருந்ததை அவர் அதுவரை நின்று படித்ததே இல்லை. படித்தார். கம்ப்யூட்டர்காரர் தேதியையும் நேரத்தையும் அமைதியாகச் சொன்னார். சாப்பாட்டு நேரத்தில் கவுன்ட்டரைப் பார்த்துக்கொள்வது யார் என்று யாரும் கேட்கவில்லை. மேனேஜர்தான் என்று எல்லோருக்கும் தெரியும்.

மேனேஜர் முதலில் தனக்கு எதுவும் நினைவில்லை என்றார். ஒரு நிமிடம் கழித்து அவர் முகம் மாறியது. அன்று ஒரு கஸ்டமர் அவசரமாக நின்றார், லேபிள் பாதியில் நின்றுவிட்டது, உங்கள் லேபிள் புரோகிராம் பழசாகிவிட்டது, புதுப்பிக்க இங்கே அழுத்தவும் என்று திரையில் ஒரு கட்டம் வந்தது, நம்ம லேபிள் படம்தான் போட்டிருந்தது, அழுத்தினேன் என்றார். அழுத்தியதும் லேபிள் நன்றாக வந்ததாம். உதவி செய்துவிட்டோம் என்ற நினைப்பில் அப்படியே மறந்தும் போய்விட்டாராம்.

பூனை ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு மாறிப் படுத்தது. அந்த மனிதர் தன்னைவிடப் பத்து வயது மூத்த அண்ணியை நிமிர்ந்து பார்க்க முடியாமல் நின்றார். அண்ணி கத்துவார் என்று நான் கையைப் பிடிக்கத் தயாராக இருந்தேன்.

"சார், அது வந்தது அந்த மாதிரி வேஷத்துல. என் முன்னாடி வந்திருந்தா நானும் கதவைத் திறந்திருப்பேனோ என்னமோ. நான் படம் பாக்குறதில்ல, கனம் பாப்பேன், அது ஒண்ணுதான் வித்தியாசம். ஆனா என்னைக் குடோனுக்கு அனுப்பிட்டா நாளைக்கு இதே விருந்தாளி மறுபடி வருவான். அப்போ தூக்கிப் பாக்க இங்க யாரு இருக்கா?"

மேனேஜர் தலையசைத்தார். ஒரு காகிதம் கேட்டார். எடை மெஷினின் இரும்புத் தட்டின்மேல் வைத்தே எழுத ஆரம்பித்தார். கை சட்டைப் பைக்குப் போனது, நீலத்தைத் தொட்டது, தாண்டியது. பச்சையை எடுத்தார். ஆறு லோடுமேன்களும் எட்டிப் பார்த்தார்கள். பேனா எழுதவில்லை. காகிதத்தில் கிறுக்கினார், உள்ளங்கையில் கிறுக்கினார், உதறினார். காய்ந்துபோயிருந்தது. கடைசியில் அண்ணி காதோரம் செருகியிருந்த பால்பாயின்ட்டை எடுத்து நீட்டினார். தவறு தன்னுடையது, கவுன்ட்டர் ஊழியருடையது அல்ல, அதைக் கண்டுபிடித்ததே அவர்தான் என்று அந்தப் பேனாவால்தான் எழுதினார். முதல் தேதிக்கு நாலு நாள் இருக்கும்போது குடோன் உத்தரவு ரத்தாகி வந்தது. அதோடு, எந்தப் புரோகிராமையும் ஏற்றும் முன் எடை சரிபார்க்க வேண்டும் என்று எல்லாக் கிளைகளுக்கும் ஒரு சுற்றறிக்கையும் வந்தது. எடை என்ற சொல்லையே போட்டிருந்தார்கள். அண்ணி அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, எங்களிடம் காட்டும் முன் கையில் வைத்து அரை நொடி ஏற்றிப் பார்த்தார்.

உத்தரவு வந்த அன்று ஒல்லி ஒரு டின் வெள்ளை பெயின்ட்டும் பிரஷ்ஷுமாக மேடையில் நின்றாராம். இத்தனை நாள் கெஞ்சினீர்களே, இன்றைக்கு அழித்துவிடுகிறேன் என்று. அண்ணி ஓடிப்போய்ச் சுவரை மறித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"கையை வெச்சுப் பாருங்க. என் உத்தியோகமே அதுலதான் இருக்கு."

அதன் பிறகு பதினோரு வருஷம் அந்த நாற்காலியில் இருந்தார். சூப்பர்வைசருக்குத் தினமும் மதியம் ஒரு கிண்ணம் பால், அண்ணியின் செலவில். அதற்குப் பிறகு அதன் மகள் வந்து அதே பதவியை எடுத்துக்கொண்டது. பந்தயத்தில் அண்ணி மறுபடி தோற்கவே இல்லை. ஆனால் மூடிய பெட்டியைத் தூக்குவதற்கு முன் ஒரு தட்டுத் தட்டி, யாராவது உள்ளே இருக்கிறீர்களா என்று கேட்கும் பழக்கம் வந்துவிட்டது. வீட்டில் அரிசிப் பையையும் அப்படித் தட்டுவார். அண்ணனுக்கு ஒவ்வொரு தடவையும் முகம் சுருங்கும்.

போன வாரம் அந்த ஆபீஸ் பக்கம் போக வேண்டியிருந்தது. உள்ளே எல்லாம் புதிது. சுவர் முழுக்கப் பளிச்சென்று மஞ்சள் பெயின்ட். கவுன்ட்டரில் இருந்த பெண் எனக்குத் தெரியாதவர். நான் கொண்டுபோன சின்னப் பெட்டியை வாங்கி, என்ன இருக்கிறது என்று கேட்டார். பழைய ரேடியோ, அண்ணன் ஒரு நண்பருக்கு அனுப்புகிறார் என்றேன். அவர் அதை மெஷினில் வைக்கவில்லை. முதலில் ஒரு தட்டுத் தட்டினார், கையில் ஏற்றினார், அரை நொடி நிறுத்தினார். பிறகுதான் வைத்தார்.

ஏன் தட்டுகிறீர்கள் என்று கேட்டேன். இங்க அப்படித்தான் மேடம், எல்லாரும் பண்ணுவோம் என்றார். திரும்பிப் பார்த்தேன். மேடைச் சுவரில், மஞ்சளின் நடுவே, பெயின்ட் அடிக்காமல் விட்ட ஒரு சதுரம் இருந்தது. அதற்குள் கறுப்பு எழுத்து அப்படியே இருந்தது. கடைசி வரியை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எனக்குச் சொன்னார்: ஜெயிச்சது சூப்பர்வைசர்.